வில்ஃப் காரில் கசிந்த பெட்ரோல்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் வில்ஃப் ஆக்ராய்ட். எதிரே வருகிறவரின் முகத்தைவிடச் சட்டைப்பையைத்தான் முதலில் பார்ப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் முழுவதும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

கொட்டகையில் நின்ற பழைய பச்சை ட்ரையம்ஃப் கார்தான் அவருக்கு உயிர். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதற்கு இரண்டு. அந்த வசந்தத்தில் கொட்டகைக் கதவைத் திறந்தாலே பெட்ரோல் நெடி மூக்கில் அடித்தது. பின்பக்கக் கார்புரேட்டரோடு பெட்ரோல் குழாய் சேரும் இடத்தில் ஈரம். வாஷர்களை மாற்றி, போல்ட்டை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இரண்டொரு நாளில் மறுபடியும் ஈரம்.

"இறுக்கின போல்ட் தானா எப்படிக் கழலும்?" என்றார் மனைவி எட்னாவிடம். "பக்கத்து வீட்டு பெர்சி வேலைதான் இது. வண்டியை எனக்கு வித்துடுன்னு எத்தனை தடவை கேட்டிருக்கான்!"

"முட்டி மடங்காத மனுஷன், உன் வண்டிக்குள்ள வந்து குனிவானாக்கும்!"

வில்ஃப் விடவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து, "என்னப்பா, வண்டி எப்படி இருக்கு?" என்று பெர்சி கேட்டபோது, "உனக்குத் தெரியாததா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கினார். போல்ட்டின் தலையிலிருந்து குழாய்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். யாராவது திருகினால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிறன்று டார்ச் அடித்துக் கிட்டே பார்த்தார். கோடு விலகியிருந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அதன் ஒரே சாவி சமையலறை ஆணியில் தொங்கியது.

உள்ளே போய் எட்னாவின் எதிரே நின்றார். பரிசோதகர் குரல் எழும்பவில்லை. "நீயா?"

அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "நான்தான்."

"பைத்தியமா உனக்கு? சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டினா எரிஞ்சு போயிருப்பேனே!"

"மோந்து பார்க்காம நீ சாவியைத் திருப்ப மாட்டேன்னு தெரியும்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பால் வண்டி வர்றதே கண்ணுக்குத் தெரியாம குறுக்கே திருப்பினியே, மறந்துட்டியா? கண்ணைக் காட்டுன்னா டாக்டரையே சந்தேகப்படுற. சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். நீ வண்டியை எடுக்காம இருக்க வேற என்ன பண்ணச் சொல்ற?"

வில்ஃப் கொட்டகைக்குப் போனார். புது வாஷர் ஒன்று கைநழுவி விழுந்தது. தரையைத் தடவித் தடவித் தேடினார். பின்னாலேயே வந்த எட்னா, அவர் காலடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் போட்டு, போல்ட்டை அளவாக இறுக்கினார். பிறகு காரின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள் அவள். அந்தக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் அவர் ஒருநாளும் தந்ததில்லை.

எட்னா ஓட்டிய வண்டி முதலில் பெர்சியின் வீட்டு வாசலில் நின்றது. வில்ஃப் இறங்கிப் போய், "தப்பா நினைச்சுட்டேன்பா," என்று முணுமுணுத்துவிட்டு வந்து அமர்ந்தார். மேட்டில் ஏறும்போது எட்னாவின் காலையே உற்றுப் பார்த்தார்.

"கிளட்சை முழுசா மிதிக்கிறியா?"

"வாயை மூடிட்டு வா, வில்ஃப்!"