சமீருல்லா போட்ட தோல் வாஷர்

சமீருல்லா பேஸ் ஸ்பீக்கர் கட்டிய வண்டி ஆம்பூர் மேம்பாலத்தில் ஏறினால், ஆலங்காயத்து மலையில் குரங்குகள் கிளை மாறி உட்காரும். வாணியம்பாடியில் உறை ஊற்றி வைத்த தயிர் மறுபடி பாலாகும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தயிர் தயிராகவே இருக்கும், குரங்குகளுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் அவன் கடையை ஒட்டிய சலூனில், கண்ணாடி முன்னால் வைத்த சீப்புகள் தாமாக நகர்ந்து நகர்ந்து பலகை விளிம்புக்கு வரும். சலூன்காரர், வந்தவர் முகத்தில் சோப்பு போட்டபடியே ஒரு கையால் அவற்றைப் பின்னுக்குத் தள்ளுவார். இது நிஜம்.

சமீருல்லாவுக்கு நாற்பத்தாறு வயது. இடது காது பாதிதான் கேட்கும். பதினாறு வயதில் தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்து, டிரம் பக்கத்தில் ஒன்பது வருஷம் நின்ற கூலி அது. ஓர் அறை அளவுக்குப் பெரிய மர டிரம்கள். உள்ளே தோலும் தண்ணீரும் புரண்டு விழ, பகல் முழுக்கத் தம், தம் என்று ஒரே அடி. சைக்கிள் மணி, குருவிச் சத்தம், மனைவியின் வளையல் எல்லாம் அவன் காதை விட்டுப் போய்விட்டன. அடிச் சத்தம் மட்டும் நெஞ்செலும்பில் தங்கிக்கொண்டது. டேனரியை மூடியபோது அவனிடம் மிஞ்சியது அந்த எலும்புதான். அதை நம்பியே கார்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் கடை போட்டான். மீட்டர் வைத்துச் சோதித்து முடித்த பிறகும், வண்டியின் பின் பம்பரில் உட்கார்ந்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

"காது பொய் சொல்லும்பா. எலும்பு சொல்லாது," என்பான்.

வாய் மட்டும் நீளம். நூறு வாட்ஸ் போட்டால் ஐந்நூறு என்பான். ஐந்நூறு போட்டால், அதைச் சொல்ல இன்னும் எண்ணே கண்டுபிடிக்கவில்லை என்பான். அவன் சொல்வதை நாலால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கை அப்படியில்லை. கை சுத்தம்.

சின்ன ஸ்பீக்கர்கள் வண்டியின் ரேடியோ கொடுப்பதைத் தின்று பிழைத்துவிடும். டிக்கியில் உட்கார்ந்து பேஸை அதிரவைக்கும் பெரிய ஊஃபருக்கு அது பற்றாது. அதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு நேராக பேட்டரியிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் சிவப்பு வயர் வர வேண்டும். சமீருல்லா வயரை வாங்கும்போதே நுனியை அரத்தால் ராவிப் பார்ப்பான். உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுவான். எர்த்து வயரை முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் வரை விடமாட்டான். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைப்பான். ஏனென்றால் வண்டியின் உடம்பு முழுக்க எர்த்து. சிவப்பு வயர் எங்காவது தகரத்தில் பட்டுவிட்டால் பேட்டரியில் இருக்கும் அத்தனையும் அந்த ஒரு புள்ளியில் கொட்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தால் உடனே உடைந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தள்ளி இருந்தால், அதற்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் கிடையாது.

இத்தனை சுத்தக்காரனிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினுக்கும் டிரைவர் காலடிக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு. அதில் துளை போட்டுத்தான் வயரை உள்ளே இழுக்க வேண்டும். துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும் என்பதால் எல்லா ஊரிலும் ரப்பர் வளையம் மாட்டுவார்கள். சமீருல்லா தோல் வாஷர் மாட்டினான். ஆம்பூரில் கட்டில் கால் ஆடினாலும், கதவு கிறீச்சிட்டாலும், குக்கர் பிடி சுட்டாலும் ஒரு தோல் துண்டு வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். அவனுக்கும் அது கையில் ஊறிய பழக்கம். அவன் மனைவி ஷஹீன் பானு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். அடிப்பாகத்துக்கு வெட்டி மிஞ்சிய கெட்டித் தோலை அவள்தான் பையில் போட்டுக்கொண்டு வருவாள்.

"ரப்பர் ரெண்டு வருஷத்துல வெடிச்சிரும். தோலுக்கு சாவே இல்ல," என்று வட்ட உளியால் தட்டி எடுப்பான்.

"இது பட்டையில பதம் பண்ண தோலுங்க," என்று அவள் ஒருநாள் சொன்னாள். "ஈரம் பட்டு சூடு ஏறுனா அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். டேனரில ஒம்போது வருஷம் இருந்த ஆளுக்கு நான் சொல்லணுமா?"

"இன்ஜினுக்குள்ள இன்னா மழையா பெய்யுது? போ, போய் டீ போடு."

அவள் சொன்னது அவனுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலாயுதம் மாசி மாதத்தில் வந்தான். வேலூரில் இருந்த ரஷீத் அஹமதுவின் ஏழு சீட்டு வண்டியை ஓட்டுபவன். கல்யாண முகூர்த்தங்களில் பெண்ணழைப்பு, மற்ற நாளில் ஆஸ்பத்திரிச் சவாரி. பேஸ் இல்லாத வண்டியை மாப்பிள்ளை வீட்டார் கூப்பிடுவதில்லை என்று முதலாளியிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தான். சமீருல்லாவும் அவனும் பத்து வருஷப் பழக்கம்.

"பாய், ஃபியூஸ என் சீட்டுக்கு அடியில வெச்சிரு," என்றான். "போன வண்டில ஃபியூஸு போய், பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வெச்சிட்டு நடுரோட்ல பானட்ட தொறந்து நின்னேன். வேட்டி பூரா கிரீஸு. ஒரே பேஜாரா போச்சு."

"பேட்டரிகிட்டதான்பா வெக்கணும்."

"வெச்சா இன்னா, வெக்கலன்னா இன்னா? ஃபியூஸு ஃபியூஸுதான?"

"உனக்கோசரம் வெக்கறேன். வெளிய சொல்லிடாத, எல்லாம் பெட்ரூம்ல வெக்க சொல்வானுங்க."

இருவரும் சிரித்தார்கள். வேலாயுதம் வயரின் ஒரு முனையை பேட்டரியருகே பிடித்துக்கொண்டு நிற்க, சமீருல்லா மறு முனையை டிரைவர் சீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அளந்து வெட்டினான். துளையில் தோல் வாஷர் புத்தம் புதிதாக, இறுக்கமாக உட்கார்ந்தது. பம்பரில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்தபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு நல்ல பேஸ்.

ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. முன் கண்ணாடிக்கு அடியில் வழிந்த தண்ணீர் தகரச் சுவரில் இறங்கி வாஷரை நனைத்தது. ஓடும்போது இன்ஜின் அதை வேகவைத்தது. நனைந்து, வெந்து, நனைந்து, வெந்து வாஷர் சுருண்டு துளையை விட்டு எழுந்தது. வயர் தகர விளிம்பில் உரசத் தொடங்கியது.

ஆலங்காயத்துப் பூவம்மாளை வாரம் இரண்டு நாள் வேலூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது வேலாயுதத்தின் வாடிக்கை. அறுபது தாண்டிய அம்மாள், வாய் ஓயாது. "உன் பாட்டு மிச்சம் இருக்கற கிட்னியையும் தின்னுடும் போல. நிறுத்துடா," என்பாள். அன்று காலையிலும் நிறுத்தித்தான் வைத்திருந்தான். பள்ளிகொண்டா டோல் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் அவன் காலடியிலிருந்து புகை வந்தது. ஓரம் கட்டி இறங்குவதற்குள் தீ. பூட்டிய பின் கதவு வயர் கருகியதால் திறக்கவில்லை. வெறும் கையால் கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தான். நான்காம் நாள் பூவம்மாள் இறந்துபோனாள். வேலாயுதத்தின் விரல்கள் இனி ஸ்டியரிங் பிடிக்குமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

ரஷீத் அஹமது போலீசில் சொன்னார்: "அவன் வண்டில பீடி புடிப்பான் சார். நூறு தரம் கண்டிச்சிருக்கேன்." வண்டியில் தனியாக வயர் இழுத்ததை இன்சூரன்சில் சொல்லியிருக்கவில்லை, பீடி என்றால் அந்தப் பேச்சு எழாது. பூவம்மாளின் மகன் டிரைவர் மேல் புகார் கொடுத்தான். கவனக்குறைவால் சாவு என்று வழக்கு. வேலாயுதம் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கியதும் ஜெயிலுக்குப் போவான் என்று ஊர் பேசியது.

சமீருல்லா ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற எரிந்த வண்டியின் எலும்புக்கூட்டைப் பார்க்கப் போனான். வாசலில் இருந்த காவலர் பழக்கம்; தடுக்கவில்லை. குனிந்து தகரச் சுவரைத் தடவினான். துளையின் விளிம்பில் செம்பு உருகி ஒரு கடுகு மணியாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் பாதி வாஷர், கருகிச் சுருண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி உருகிக் கிடந்தது. உள்ளே தகடு அறுபடாமல் முழுசாக இருந்தது. எல்லாம் அதற்கு முன்னாலேயே துளையில் கொட்டிவிட்டதால், உடைய வேண்டிய அவசியம் அதற்கு வரவே இல்லை. வாஷரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் சட்டையைத் துவைக்க எடுத்த ஷஹீன் பானு அதைக் கண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாங்க இது?"

அவன் கை கழுவ எழுந்தான்.

"என் பையில வந்த தோலு. வாசனை எனக்கு தெரியாதா?" அவள் அதைத் தட்டின் மேல் வைத்தாள், அவன் சாப்பிட இருந்த தட்டு. "ஆம்பூர் பூரா கேக்கற மாதிரி பேசுவீங்க. ஸ்டேஷன்ல ஒரு டேபிளுக்கு அந்தாண்ட இருக்கறவருக்கு கேக்கற மாதிரி பேச முடியாதா?"

"பேசுனா கடை இல்ல, பானு. ஜெயிலுக்கு நான் போவணும்."

"பேசலன்னா அவரு போவாரு."

பன்னிரண்டு நாள் பேசவில்லை. கடையைத் திறந்தான், வந்த வேலையை நாளைக்கு என்று திருப்பி அனுப்பினான். சலூனில் சீப்புகள் வைத்த இடத்தில் இருந்தன.

பதின்மூன்றாம் நாள் வேலூர் பஸ் ஏறினான். வேலாயுதத்தின் கைகள் இரண்டும் துணி மூட்டைகளாகத் தலையணை மேல் கிடந்தன. மனைவி ரங்கம்மாள் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வா பாய். வாட்ஸ் கணக்கு எதுவும் சொல்லிடாத, நாலால வகுக்க விரலு இல்ல," என்று வேலாயுதம் சிரிக்கப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நானே யோசிச்சு பாத்தேன். பாட்டு ஓடல. உன் ஃபியூஸும் என் சீட்டுக்கடியில பத்திரமா இருந்துச்சு. நீ கட்டுனது, வயரா இருக்காது. அப்ப வேற இன்னா? டோல்கிட்ட ஒரு பீடி பத்த வெச்சிருப்பேனோ என்னவோ. நாலு பேரு சொல்ல சொல்ல எனக்கே ஞாபகம் வர்ற மாதிரி இருக்குது."

"மொதல்ல பீடி புடிக்கல, புடிக்கலன்னு தூக்கத்துல கூட சொன்னாரு," என்றாள் ரங்கம்மாள். "இப்ப அது கூட சொல்றதில்ல."

சமீருல்லா இடது காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டது வலது காதில்தான். ஆனால் அடித்தது நெஞ்செலும்பில்.

விசாரணைக்கு வேலாயுதத்தைக் கூட்டிவந்த அன்று, யாரும் கூப்பிடாமலே சமீருல்லா ஸ்டேஷனுக்குள் நுழைந்தான். பெஞ்சின் ஒரு முனையில் வேலாயுதமும் ரங்கம்மாளும், மறு முனையில் பூவம்மாளின் மகன். சமீருல்லா கருகிய வாஷரை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்தான்.

"இன்னா பாய் இது?"

"நான் போட்டது சார். பீடி இல்ல. என் வயருதான்."

வரிசையாகச் சொன்னான். ரப்பர் போட வேண்டிய இடத்தில் தோல் போட்டதை, மழையில் அது சுருண்டதை, செம்பு மணி இன்னும் துளையில் ஒட்டியிருப்பதை. வண்டியிலிருந்து வாஷரை எடுத்துப்போனதையும் சொன்னான். பூவம்மாளின் மகன் எழுந்து நின்றுவிட்டான். வாக்குமூலம் எழுதும் ரைட்டர் பேனாவை எடுத்தார்.

"ஃபியூஸு வெச்சிருந்தா தீ புடிக்காதுன்றாங்களே," என்றார் இன்ஸ்பெக்டர். "வெக்கலியா?"

"வெச்சேன் சார்."

"பேட்டரில இருந்து எவ்ளோ தூரம்?"

சமீருல்லாவின் வாய், வாழ்நாள் முழுக்க எதையும் பெருக்கியே சொன்ன வாய். உண்மைத் தூரத்தைச் சொன்னால், அங்கே வைக்கச் சொன்னவன் பெயரும் வரும்.

"ஒரு முழம் இருக்கும் சார். ஒரு சாண் முன்ன பின்ன."

ரைட்டர் எழுதினார். அப்போது பெஞ்சிலிருந்து வேலாயுதம், மூட்டைக் கைகளை மடியில் வைத்தபடி, நிதானமாகச் சொன்னான்.

"முழம் இல்ல சார். ஏழு அடி. அளக்கும்போது அந்தாண்ட முனைய புடிச்சிட்டு நின்னவன் நான். என் சீட்டுக்கடியில வெக்க சொன்னதும் நான்தான். அத்த அடிச்சிட்டு, இத்த எழுதிக்குங்க."