கொடியேறிய பிறகு கொடுத்த நாய்

"அக்கா, உங்கடை நாய் ஒரு வாய் சாப்பிடுறாளில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

இணுவிலில் இருந்து மலர் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது நான் வட்டுக்கோட்டையில் என் வீட்டுக் கிணற்றடியில் சோளகியின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். சோளகி என்பது அந்த நாயின் பெயர். அவளைத்தான் இரண்டொரு நாளுக்கு முன் மலர் வீட்டில் கொடுத்திருந்தேன். நாய் போன பிறகும் தட்டை ஏன் கழுவினீர்கள் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது.

மலர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். என்னை நினைத்துத்தான் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று நினைத்தேன். அதை நினைக்க நன்றாக இருந்தது.

நான் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் உதவியாளராக இருந்து பென்சன் எடுத்தவள். மாட்டின் வாயைப் பிடித்து மருந்து பருக்குவதிலிருந்து விசர்நாய்த் தடுப்பூசிக்கு நாய்களை அமத்திப் பிடிப்பது வரை எல்லாம் செய்திருக்கிறேன். இப்போது, றோட்டில் அடிபட்ட நாய்களை எடுத்து மருந்து கட்டும் ஒரு சின்னக் குழுவுக்காக வீட்டில் நாய் பார்க்கிறேன். நாய் தேறி, நல்ல வீடு கிடைக்கும்வரை என் வளவில் நிற்கும். இதைப் பொஸ்ரர் என்று சொல்வோம். குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அரியண்டம் தந்ததால் இதை எழுதுகிறேன். ஊசி மருந்து பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது டொக்டர்மாருக்குத் தெரியும்.

*வாடி நாய்*

சோளகி பருத்தித்துறைக் கரை நாய். வலையும் எஞ்சினும் வைக்கிற வாடி ஒன்றில் வளர்ந்தவள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்த காலத்தில் குட்டியாக வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். வாடிக்காரர் படகை விற்றுக் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். நாய் வாடி வாசலிலேயே கிடந்தது. பிறகு ஒரு ஓட்டோ பின்னங்காலில் ஏறி, எலும்பு முறிந்து எங்களிடம் வந்தது.

கால் பொருந்தியது. நொண்டல் மட்டும் மிச்சம். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனால் வளர்ந்த நாய், அதிலும் பெட்டை, அதிலும் நொண்டி. எங்கள் ஊரில் பெட்டை நாய்க்குட்டியையே சந்தையடியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவளை யார் கேட்பார்கள்? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குட்டி இருக்கா என்றுதான் கேட்டார்கள்.

அதனால் அவள் என்னோடு நெடுநாள் நின்றுவிட்டாள். நான் ஒற்றை ஆள். அம்மா போன பிறகு வீட்டில் மனிதக் குரல் என்றால் வானொலிதான். அண்ணை நோர்வேயில் இருக்கிறார். போன் எடுத்தால், வீட்டை எப்போது விற்கிறாய் என்று கேட்பார். சோளகி அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நான் மீன் வெட்டும்போது பக்கத்தில் இருப்பாள். தலையும் வாலும் அவளுக்கு, நடுத்துண்டு எனக்கு. அவளோடு கதைக்கப் பழகிவிட்டேன். பொஸ்ரர் வேலைக்கு வருகிறவர்கள் செய்யக் கூடாத காரியம் அது, ஆனால் எல்லோரும் செய்வார்கள்.

*ஊர் முழுக்கக் கோயிலடியில்*

மலர் கேட்டு வந்தது ஆனி மாதத்தில். புருஷன் கட்டாரில் வேலை. பிள்ளைகள் இல்லை. வெங்காயத் தோட்டத்தைத் தானே பார்க்கிறாள். இணுவில் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது.

"பெட்டையெண்டாலும் பரவாயில்லையக்கா. திருவிழாவுக்கு ஊர் முழுக்கக் கோயிலடியிலை நிக்கும். வீடுகள் வெறிச்செண்டு கிடக்குமெண்டு கள்ளருக்கும் தெரியும்தானே" என்றாள்.

வீட்டைப் போய்ப் பார்த்தேன். மதில் உயரம் காணும், கிணறு கட்டுக்கிணறு, படலை ஒழுங்காகப் பூட்டுப்படும், படுக்க நிழல் இருக்கிறது. மலர் முகத்துக்கு நேரே கதைக்கிற ஆள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் தேடினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் முறைப்படி, நாயோடு வளர்த்தவரின் பழந்துணி ஒன்றும் போகும். தெரிந்த வாசம் இருந்தால் புது இடத்தில் நாய் கெதியாகப் படுக்கும். நான் என் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். அடுத்த முறை இன்னும் கடினமானது. நாயைக் கொடுத்தவர் கொஞ்சக் காலத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. பழைய ஆளைக் கண்டால் நாய் புது ஆளை ஏற்காது.

ஆனால் மலர் அன்று அதே போனில் சொன்னாள்: "உங்கடை சேலைத்துண்டிலை மூஞ்சையை வைச்சுக்கொண்டு படலையையே பாத்துக்கொண்டு கிடக்கிறாள், அக்கா."

வாந்தி, வயிற்றோட்டம் இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறாளா, பல் முரசு வெளிறியிருக்கிறதா என்று விசாரித்தேன். வருத்தம் ஒன்றும் இல்லை. சோறும் பருப்பும் பிசைந்து வைத்ததாம், பாணைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்ததாம், பூசணிக்காய்க் கறியும் வைத்ததாம். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாளாம். கடைத் தீனிப் பை ஒன்றும் வாங்கினாளாம். அதில் கோழி இருக்கிறது என்று எழுதியிருந்ததால் அதை வளவுக்குள் எடுக்கவில்லை. இதைக் கேட்டபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. படலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்பது மட்டும்தான் காதில் நின்றது. முறையாவது மண்ணாவது என்று ஸ்கூட்டியை எடுத்தேன்.

*பை*

போகிற வழியில் மானிப்பாய்ச் சந்தையில் சூடை மீன் வாங்கினேன். இரவுக்கு எனக்கு. திருவிழா வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கொண்டுபோவது முறையில்லை. எனவே மீன் பையை ஸ்கூட்டியிலேயே கொழுவி, ஸ்கூட்டியைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தேன்.

சோளகி எழும்பினாள். மூக்கு உயர்ந்தது. அந்த நொண்டிக் காலோடு முற்றத்தைக் கடந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். நான் முழங்கால் நோவையும் பாராமல் நிலத்தில் குந்தி இரண்டு கைகளையும் விரித்தேன். கண்ணீர் வந்துவிட்டது.

"உங்களைக் கண்டவுடனை எப்பிடி ஓடி வாறாள் பாருங்கோ" என்றாள் மலர். 

சோளகி என் கைக்கு வந்தாள், கையையும் தாண்டினாள். படலைக்கு வெளியே போய் ஸ்கூட்டியில் முன்னங்கால்களை வைத்து ஏறி, பைக்குள் மூக்கை விட்டாள். நான் குந்திய இடத்திலேயே குந்திக்கொண்டிருந்தேன்.

எழும்பிப் பார்த்தபோது, கிணற்றடிக்கு அப்பால் வேலியோரமாக மலர் வீட்டு மச்சச் சட்டி தெரிந்தது. மீன் சமைக்கிற சட்டி. கொடியேறுவதற்கு முதல்நாள் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். இனிக் கடைசி நாள் தீர்த்தத் திருவிழா முடிந்த பிறகுதான் அது அடுப்பேறும். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஊரே சைவமாக இருக்கும்போது நாய்க்கு மட்டும் வேறா என்று யாரும் யோசிப்பதில்லை. இணுவில் நாய்கள் குட்டியிலிருந்தே கொடியேற்றத்துக்குப் பழகியவை. பருத்தித்துறையிலும் கோயில் உண்டு, விரதம் உண்டு. ஆனால் வாடி நாய்க்கு விரதம் வராது. வலை தட்டுகிற இடத்தில் எப்போதும் ஏதாவது விழும். இவள் பிறந்ததிலிருந்து மீன் இல்லாத சோறு கண்டதில்லை. என் வீட்டிலும் அதே சாப்பாடுதான்.

சேலைத்துண்டு? நான் மீன் வெட்டிக் கை துடைக்கிற சேலை அது.

மலருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "அப்ப தீர்த்தம் முடியுமட்டும் நீங்களே கொண்டுபோய் வைச்சிருங்கோவன். பேந்து நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

ஓம் என்று சொல்ல வாய் உன்னியது. நாயை ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போகலாம். இரவுக்கு இரண்டு பேருக்கும் சூடை இருக்கிறது. ஆனால் கொண்டுபோனால் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வீடு மாறித் திரும்பி வந்த நாய் அடுத்த வீட்டில் நம்பிப் படுக்காது. எனக்கும் வயது போகிறது. நான் விழுந்தால் இந்த நொண்டிப் பெட்டையை யார் கேட்பார்கள்? அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. இனி இப்படி ஒன்று கிடைக்காது.

"இல்லை மலர். அவள் இஞ்சைதான் இருக்க வேணும்" என்றேன். "சாப்பாடு நான் பின்னேரத்திலை சமைச்சுக் கொண்டுவாறன். ஆனால் நீர்தான் வைக்க வேணும்."

அவள் தயங்கினாள். "மச்சத்தைத் தொட்டிட்டு நான் எப்பிடியக்கா கோயிலுக்குப் போறது?"

"முதலிலை அவளுக்கு வையும். பேந்து முழுகிப்போட்டுப் போம்."

கவிழ்த்த சட்டியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "வளவுக்கு வெளியிலை வைச்சால் சரி. வாயில்லாச் சீவனுக்காக முருகன் என்னோடை கோவிக்கமாட்டார்."

அன்று சூடையை அங்கேயே, படலைக்கு வெளியே ஒழுங்கையில் போட்டோம். சோளகி தலைநிமிராமல் தின்றாள்.

*பூவரச வேலி*

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் போனேன். மீன் அவித்துச் சோற்றோடு பிசைந்து மூடி போட்ட ஒரு ரின்னில் எடுத்துக்கொண்டு போவேன். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் ஒரு பூவரச வேலி இருக்கிறது. அதன் மறைவில் ஸ்கூட்டியை நிறுத்துவேன். மலர் வந்து ரின்னை வாங்கிக்கொண்டு போவாள். நாய்க்கு என் முகமும் தெரியக் கூடாது, வாசமும் போகக் கூடாது. சோளகக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அது நாயிடமிருந்து என் பக்கம் வருகிற இடமாக நிற்பேன். பிள்ளைகளே, இது ஒரு தொழில்நுட்பம். குறித்துக்கொள்ளுங்கள்.

மலர் வெறும் ரின்னைத் திருப்பித் தருமட்டும் காத்திருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் தட்டு நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்கும். மலர் நாயோடு கதைப்பது கேட்கும். முதலில் "சாப்பிடு, சாப்பிடு" என்று பள்ளிக்கூடத்தில் அதட்டுகிற மாதிரிச் சொன்னாள். பிறகு அன்றைக்குத் தோட்டத்தில் நடந்தது, புருஷன் போனில் சொன்னது எல்லாம் நாய்க்குச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் கதைத்தேன். ஒரு பின்னேரம் "என்ரை சோளகி" என்றாள். நான் ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு நாள் காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. தட்டுச் சத்தம் நின்றது. வேலி இடுக்கால் பார்த்தேன். சோளகி தலையைத் தூக்கி முடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று என்னிடம் மீன் இல்லை, ரின் அவள் பக்கம் இருந்தது. மீன் அவளுக்கு முன்னால் இருக்கும்போதே அவள் என் பக்கம் பார்த்தாள். பெயரைச் சொன்னால் வந்துவிடுவாள். இவ்வளவு நாளும் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"என்னடி பாக்கிறாய்? அங்கை ஒருத்தருமில்லை. சாப்பிடு" என்றாள் மலர்.

கொஞ்ச நேரத்தில் தட்டுச் சத்தம் மறுபடி கேட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். ஹெல்மெற் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு சோற்றில் பருப்பைக் கூட்டி மீனைக் குறைத்தோம். தீர்த்தம் முடிந்தது. மலர் மச்சச் சட்டியை நிமிர்த்தி அடுப்பில் வைத்த அன்று போன் எடுத்தாள். எங்கடை நாய் சட்டி அடியிலேயே நிற்கிறது என்று சிரித்தாள். இனி ரின் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

*பார்க்கப் போனது*

கொடுத்த நாயைப் பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகப் போனேன். போகும் வழியில் ஒன்றும் வாங்கவில்லை. சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போனேன்.

ஸ்கூட்டிச் சத்தத்துக்குப் படலைக்குள்ளிருந்து குரைத்தாள். வீட்டுக்கார நாயின் குரைப்பு. உள்ளே போனதும் வந்து கையை மணந்தாள், வால் ஆடியது, தலையை ஒருமுறை என் முழங்காலில் வைத்தாள். பிறகு திரும்பிப் போய்க் குசினி வாசலில் மலரின் காலடியில் படுத்தாள். நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டபோது அவள் எழும்பவில்லை.

"மறந்திட்டாள் போலை" என்றாள் மலர், தானே பிழை விட்டமாதிரி.

"மறக்கேல்லை. அவளுக்கு இஞ்சை வேலை இருக்கு" என்றேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கோயிலில் கொடியேறிய ஊர் வீட்டுக்கு, கரை நாயைத் தீர்த்தம் முடியுமட்டும் கொடுக்காதீர்கள். புது வீட்டில் நாய் சாப்பிடவில்லை என்றால் முதலில் அந்த வீட்டுச் சட்டியைப் போய்ப் பாருங்கள். உங்களை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்கிறது என்று நினைக்க ஆசையாக இருக்கும். அது நாயின் பசியல்ல, உங்களுடையது. அந்தப் பசியோடு அதைத் திருப்பிக் கூட்டிவந்துவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது சந்தையில் நின்றேன். மீன்காரர் வழக்கம்போல நாய்க்கென்று ஒரு பாரைத் தலையையும் பையில் போட்டுத் தந்தார். நாய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தலையில் சொதி வைத்து நானே சாப்பிட்டேன்.