லோஹேகாவில் விட்டுவந்த கோழி

தீபாவளி விடிகாலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் "சக்லி" முறுக்கு பொரியும் எண்ணெய் வாசனை மிதக்கும்போது, எங்கள் அடுக்களையிலிருந்து மட்டும் மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டிய கோழியின் வாசனை கிளம்பும். அன்று கறி தொடாத மராத்தியக் குடும்பங்களுக்கு நடுவில், இட்லிக்குக் கோழிக்குழம்பு இல்லாமல் விடியாத திருநெல்வேலிக் குடும்பம் நாங்கள். அம்மா ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் வதக்கவே ஆரம்பிப்பாள். வாசனைக்கு ஜன்னல் எம்மாத்திரம்!

கோழியைத் தேர்ந்தெடுப்பது அப்பா. தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். ஒருநாள் பிம்ப்ரிப் பக்கம், கால்களைக் கட்டி பைக்கின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகள் கண்ணை விழித்துப் பார்த்தபடியே போனதைக் கண்டுவிட்டு வந்து, சோறே வேண்டாம் என்று படுத்துவிட்டார். "அந்தப் பாவத்த நம்ம வீட்டுச் சட்டியில கொதிக்க விடாத" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி, அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல்நாள் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே லோஹேகா கிராமத்துக்குப் போவார். அங்கே ரக்மா மாவ்ஷி, நம்மூர்ப்படி ரக்மா சித்தி, என்று நாங்கள் கூப்பிட்ட மராத்திக்காரியின் முற்றத்தில் "காவ்ரான்" கோழிகள், நம் நாட்டுக்கோழிகள்தான், தலைக்குமேல் விமானம் போனாலும் சட்டை செய்யாமல் குப்பையைக் கிளறித் திரியும். கூடையில் கவிழ்த்து வைத்ததைக் கொடுத்தால் அப்பா வாங்கமாட்டார். "கொல்லத்தான் போறோம், அதுவரைக்காவது அது கோழியா இருந்திருக்கணும்லா" என்பார்.

நான் எட்டாவது படித்த வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கஞ்சியைக்கூட ஒதுக்கிக்கொண்டிருந்தவர், "தீவாளிக்குக் கோழிக்குழம்பு வையி, திங்கேன்" என்று தாமாகவே சொன்னதும் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கோழியைத் தானே வந்துதான் பார்ப்பேன் என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். மூவரும் ஆட்டோவில் போனோம்.

மாவ்ஷி கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்காரவைத்தாள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு சிவப்புப் பெட்டையைக் காட்டினார். அதுவோ பிடி கொடுக்காமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, மாவ்ஷி மூச்சு வாங்கி "அரே தேவா!" என்று நின்றுவிட்டாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கடைசியில் நான்தான் பாய்ந்து பிடித்தேன். என் கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்பா அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏளா, விட்டுரு. அதாச்சும் இருந்துட்டுப் போட்டும்."

நான் கோழியைக் கீழே விட்டேன். ஆட்டோ கிளம்பியதும் "திங்கேன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்த அம்மா வீடு வரைக்கும் அழுதாள். அப்பா அவள் கையைப் பிடித்தபடியே வந்தார். விடிந்ததும் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அப்பா பாதி இட்லி தின்றார். பொங்கலுக்கு அவர் இல்லை.

மாவ்ஷியின் முற்றம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடம். இப்போது பாணேரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தீபாவளி வந்தால், என் மகன் போனில் தேடித் தேடி, கூண்டில் அடைக்காமல் வளர்த்தது என்று எழுதிய பொட்டலத்தை வரவழைக்கிறான். மேலே புல்வெளியில் நிற்கும் கோழியின் படம். அவனுக்கு அவன் தாத்தா செய்ததைப் பெருமையாகத்தான் சொல்லி வளர்த்திருக்கிறேன். அம்மா அந்தக் கறியைக் கழுவும்போது வருஷம் தவறாமல் ஒன்றையே சொல்வாள்: "அன்னைக்கு அந்தக் கோழியக் கொண்டாந்திருந்தா, அந்த மனுசன் ரெண்டு வாய் நல்லாத் தின்னுட்டுப் போயிருப்பாரு."

அப்பா செய்தது சரி என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் அந்த ரெண்டு வாய் தின்றிருக்கலாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது.