காற்றுப் பிடிக்கப் போன சீனிச்சாமி

ஆமத்தூரில் சீனிச்சாமி என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கப்பலில் வேலை என்பார் ஒருவர், நேவி என்பார் இன்னொருவர். உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அரபிக்கடல் நடுவில் ஒரு சின்னத் தீவில் காற்றைப் பிடித்து, உருளையில் அடைத்து அனுப்புகிறவன் அவன். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவர்கள். நான் திருத்தங்கலில் ஒரு அச்சாபீசுக்குப் பட்டாசு லேபிள் வெட்டப் போனேன். அவன் கொத்தனார் கூட்டத்தோடு கையாளாகத் தீவுக்குப் போனான். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் கடலோரத்தில் ஒரு அறையும் உயரமாக ஒரு இரும்புக் கம்பமும் கட்டுவதற்காகக் கூட்டிப் போனார்கள். கட்டி முடித்ததும் எல்லோரும் ஊர் திரும்ப, இவனை மட்டும் ஒரு வருஷம் காவலுக்கு இருக்கச் சொன்னார்கள். பிறகு பம்பை ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷம் இழுத்து இழுத்து அவன் தலையெல்லாம் நரைக்கும் வரை வந்துவிட்டது.

வேலை கேட்பதற்கு லேசானது. காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும்போது, கம்பத்து உச்சியிலிருந்து இறங்கும் குழாயைப் பம்பில் மாட்டி, காலி எஃகு உருளையில் காற்றை ஏற்றி, இறுக மூடி, கப்பல் வரும்போது அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதைத் திறந்து ஈத்தேன், புரோப்பேன் என்று எரிவாயுக் கிணற்றிலும் வண்டிப் புகையிலும் காட்டுத்தீயிலும் கிளம்புகிற வாயுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார்கள். நூறு கோடியில் ஏதோ ஒரு பங்கு இருக்குமாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே, அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? இங்கனயே பிடிச்சுக் குடுக்க வேண்டியதுதானே?"

"இங்கன பிடிச்சா சிவகாசிப் பொகைதான் தெரியும். ஒலகம் பூரா எம்புட்டு ஏறுது, எம்புட்டு எறங்குதுன்னு பாக்கணும்னா எந்த ஊருப் பொகையும் படாத எடம் வேணும்ல. அதுவும் ஒரே எடத்துல, ஒரே மாதிரி, வருஷக்கணக்கா. நடுவுல அத்துப்போச்சுன்னா முன்னால பிடிச்சதுக்கும் மதிப்பு போயிரும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனைக் கட்டிப்போட்டது. லீவு கேட்கும்போதெல்லாம் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலத்தில் கப்பலும் வராது. கல்யாணம் முடிந்து ஊரில் அவன் சேர்ந்தாற்போல இரண்டு மாதம் இருந்ததில்லை. மகள் சினேகா வளர்ந்ததை எல்லாம் போனில்தான் பார்த்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது. உப்புக்காற்றில் கம்பமே துருப்பிடிக்கும்போது மனுஷன் எம்மாத்திரம்! போன முறை வந்தபோது, "படுத்தா எந்திரிக்கத் தோணலடா. எந்திரிச்சா எங்கனயும் போகத் தோணல" என்றான். சோம்பேறித்தனமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னான். எனக்குப் பாவமாக இருந்தது.

அவன் மனைவி பாண்டிமீனா பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். அவளுக்கு வாழ்க்கையில் இரண்டே இரண்டு ஆசைகள்தான். அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை. புருஷன் வீட்டோடு இருக்க வேண்டும். தம்பி முனியராஜ் மருந்து ரூமை விட்டு வெளியே வர வேண்டும். பட்டாசுக்கு ரசாயனம் கலக்கிற அறையைத்தான் இங்கே மருந்து ரூம் என்பார்கள். ஒரு பொறி விழுந்தால் உள்ளே இருக்கிறவன் கதை முடிந்தது. அவர்களுடைய அப்பா அப்படித்தான் போனார். அதே வேலைக்கு மகனும் போனான். கேட்டால், "அக்கா, மத்ததுல இந்தச் சம்பளம் இல்லக்கா" என்பான். எங்கேயாவது வெடித்துச் சைரன் ஊதினால், பார்க்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் வந்து நிற்பாள் பாண்டிமீனா.

ஒரு தடவை சீனிச்சாமி வந்திருந்தபோது அவள் வேலை முடிந்து, முழங்கை வரை வெள்ளிப்பொடியோடு வீட்டுக்குள் வந்தாள். இவன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளி நின்றான். தீவில் உருளை நிரப்பும்போது தன் மூச்சு அதில் கலந்துவிடாமல் அப்படி நின்று நின்று பழகிப்போனவன். அவளுக்கு அது தெரியுமா?

"நான் என்ன அம்புட்டா நாறுறேன்?" என்று அவள் கேட்டாள். அன்று சமாதானம் செய்யப் பொழுது சாய்ந்துவிட்டது.

யோசனை அவளுடையதுதான். "ஒங்களுக்குப் பதிலா ஆளு வேணுங்கிறாகள்ல? என் தம்பியக் கூட்டிட்டுப் போங்க. பழக்கி விட்டுட்டு நீங்க வந்திருங்க" என்றாள். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணத்தை முடிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் அது நடந்தது. ஆராய்ச்சிக்கூடத்து மேடம் சம்மதித்தார். சீனிச்சாமி போய், முனியராஜை உடன் வைத்துப் பம்பு, குழாய், உருளை எல்லாவற்றையும் பழக்கினான். கம்பத்துப் பக்கம் பீடி கூடாது, அடுப்பு கூடாது, படகு என்ஜின் ஓடினால் பம்பைத் தொடக் கூடாது என்று சொன்னான். முனியராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தீ கூடாது என்பதை யாரும் அவனுக்கு விளக்கவேண்டியதில்லை. மருந்து ரூமில் வளர்ந்தவன் அவன்.

சீனிச்சாமி ஊர் திரும்பினான். அந்தச் சில மாதங்கள் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! பாண்டிமீனா தலையில் பூ இல்லாமல் கம்பெனி வேனில் ஏறியதில்லை. அவளை வேன் வரை கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் போய் நிற்பான். விருதுநகர் கல்லூரிக்குப் போகிற மகளோடு ஓயாமல் சண்டை போட்டான். போனில் சண்டை போட முடியாமல் அப்பனும் மகளும் சேர்த்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு நாள் சைரன் ஊதியது. பாண்டிமீனா தெருவுக்கு வரவில்லை. உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் என்ன ஆனதோ என்று அழுதுகொண்டேதான் உரித்தாள். ஆனாலும் எழுந்து ஓடவில்லை.

தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த சமயம் மேடம் போன் செய்தார். முனியராஜ் அனுப்பிய உருளைகளில், கடல் காற்றில் இருக்கவே கூடாத அளவுக்கு அந்த வாயுக்கள் எகிறியிருந்தன. முதலில் பக்கத்தில் கப்பல் ஏதாவது போயிருக்கும் என்று நினைத்தார்களாம். பிறகு கடலுக்கு அடியில் எரிவாயு கசிகிறதோ என்று ஒரு பெரிய விஞ்ஞானி தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டாராம். கடைசியில் மேடம்தான், "சீனிச்சாமி, அந்தப் பையன்கிட்ட நீங்களே கேளுங்க. நாங்க கேட்டா பயப்படுவான்" என்றார்.

அவன் முனியராஜிடம் போனில் கேட்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாப்ள, பம்பு போடுறப்போ அங்கன ஏதாச்சும் எரிஞ்சுச்சா?"

"ஒண்ணும் எரியலையே மாமா. சூடம் மட்டுந்தான்."

"என்ன சூடம்?"

"கம்பத்தடியில கும்புட்டுட்டுத்தானே மாமா பம்பப் போடுறது. சாமி கும்புடாம எப்படி வேலையில கை வக்கிறது?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இங்கே எந்தக் கம்பெனியிலும் வாசலை ஒட்டி ஒரு சின்னக் கோயில் இருக்கும். கும்பிடாமல் ஒருத்தரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். ஆனால் மருந்து இருக்கிற இடம் என்பதால் சூடம் ஏற்ற விட மாட்டார்கள். தீக்குச்சி வைத்திருக்கிறார்களா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீவில் வானம் பார்த்து நிற்கிற கம்பத்தைக் கண்டதும் முனியராஜுக்குக் கோயில் கொடிமரம் போலத் தோன்றியிருக்கிறது. சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, ஆசை தீரச் சூடம் ஏற்றியிருக்கிறான். அந்தப் புகை நேராக ஏறி, உச்சியில் இருக்கிற குழாய்க்குள் போயிருக்கிறது.

"தீ கூடாதுன்னு சொன்னேன்ல, ஏலே!"

"மருந்து இருந்தாத்தானே மாமா தீ கூடாது? இங்கன வெடிக்கிறதுக்கு என்ன இருக்கு? பம்பும் காத்துந்தானே இருக்கு!"

அவனைத் திட்டி என்ன செய்வது? தீ என்றால் வெடிக்கும், வெடித்தால் ஆள் போவான், ஆள் போகாத இடத்தில் தீக்கு ஏது தடை? இந்த ஊரில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சூடப் புகைகூடக் காற்றைக் கெடுக்கும் என்பதை இங்கே யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

அந்த மாதங்களின் காற்று அத்தனையும் வீண். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நிதானமாக இரண்டு வழி சொன்னார். முனியராஜை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போடுவது ஒன்று. இல்லை என்றால் சீனிச்சாமி திரும்பிப் போய், இருவரும் தனித்தனியாக உருளை நிரப்பி, இரண்டும் ஒத்துப்போகிற வரை கூடவே இருப்பது. "ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

"ஒரு வருஷமா! மொதல்லயும் அப்படித்தானே சொன்னாக" என்று நான் கத்தினேன். "வேற ஆளப் போடச் சொல்லுடா. நீ பட்டது போதும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முனியராஜ் திரும்பி வந்தால் எங்கே போவான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சீசன் நேரம். மருந்து ரூமில் ஆள் வேண்டும் என்று அவனை ஏற்கெனவே போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாண்டிமீனாவிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அவன் துணிகளை மடித்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டாள், தம்பிக்கு ஒரு டப்பா, புருஷனுக்கு ஒரு டப்பா. 

விருதுநகர் ஜங்ஷனுக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரப் படி ஏறினான். ரயில் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"இருங்கன்னு அவ ஒரு வார்த்த சொல்லுவாள்னு நெனச்சேன்டா" என்றான். "சொல்லியிருந்தா இருந்திருப்பேன். மேடத்துக்கிட்ட என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு காலம் காத்துக் கிடந்த மனுஷி, கையில் வந்தவனை இப்படியா அனுப்புவாள்? தம்பிதான் பெரிதாகப் போய்விட்டானா? ரயிலேற்றிவிட்டு நேராக ஆமத்தூருக்கு வண்டியை விட்டேன். பாண்டிமீனா அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாகளாண்ணே?"

"ஏறிட்டான். ஏம்மா, இருங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவ? அதக் கேக்கத்தானே அவன் காத்துக்கிட்டு இருந்தான்!"

அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வெள்ளியாக ஓடியது.

"தெரியும்ணே" என்றாள். "சொன்னா இருந்திருவாகளே. அதான் சொல்லல."