பாட்டு இல்லாத கேசட்

அந்தக் கேசட்டைப் போட்ட முதல் நாள், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் கொழுந்தன், என் கணவர், நான். குழல் மாதிரி ஒரு சத்தம் எழுந்து, நீண்டு, அடங்கியது. வெகுநேரம் கழித்து ஒரு மணி ஒரே ஒரு முறை அடித்தது. மறுபடியும் குழல். தாளம் இல்லை, பல்லவி இல்லை, பாடுகிறவர் கடைசிவரை வந்து சேரவில்லை. அரைமணி நேரம் கழித்து டக்கென்று அது நின்றபோது, "அடுத்த பக்கத்துல இருக்குமோ?" என்றார் என் கணவர். அடுத்த பக்கத்திலும் அதே கதைதான்.

எண்பதுகளின் நடுவில் பூலாம்பாடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெளிநாட்டு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் வந்துவிட்டிருந்தது. எல்லா வீட்டிலும் சினிமாப் பாட்டு ஓடியது. எங்கள் வீட்டில் மட்டும் இது. கொழுந்தன் சிங்கப்பூரில் தோட்ட வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரம்மா யோகா சொல்லிக்கொடுப்பவராம். அப்பா விழுந்துவிட்டார் என்று தந்தி வந்து இவன் அழுததைப் பார்த்துவிட்டு, படுத்துக்கிடப்பவர் பக்கத்தில் இதை ஓடவிடு, மனசு அமைதியாகும் என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அதற்கு நியூ ஏஜ் மியூசிக் என்று பெயர் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. தேடித்தேடிப் படித்தேன். தேடியதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த சிலர் நம் நாட்டு ஆசிரமங்களிலும் ஜப்பான் மடங்களிலும் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். தம்புராவின் சுருதி, கோயில் மணி, மூங்கில் குழல் எல்லாவற்றையும் மின்சார வாத்தியத்தோடு கலந்து இதைச் செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பாட்டுக் கடைகளில் இதற்கு இடமே இல்லையாம். இயற்கை உணவுக் கடையிலும் புத்தகக் கடையிலும்தான் விற்றதாம். தலையாட்டி ரசிக்கச் செய்ததில்லை அது. தியானத்தில் உட்காரும்போதும், உடம்பு பிடித்துவிடும்போதும், சாகக் கிடக்கிறவர் பக்கத்திலும் ஓடவிடச் செய்தது. எங்கிருந்தும் கிளம்பாது, எங்கும் போய்ச் சேராது. நம் பக்கத்து மணிதான் ஊர் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. எங்கள் தெருவில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

என் மாமனார் வெங்காயக் காட்டில் அறுவடை நாளன்று வாதம் வந்து விழுந்தவர். வாய் போயிற்று, கைகால் போயிற்று. கண் மட்டும் திறந்தே இருந்தது. நாம் நகர்ந்தால் கூடவே நகராது. அது நம்மைப் பார்க்கிறதா, நமக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிறதா என்று சொல்லவே முடியாது. திருச்சி டாக்டர் சொன்னார்: "உள்ள இருக்காரா இல்லையான்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா. காது கேக்குதுன்னே வச்சுக்கிட்டுப் பேசுங்க." கணவருக்கு அரியலூரில் ஆபீஸ் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கிச் சனிக்கிழமைதான் வருவார். கொழுந்தன் லீவு முடிந்து போய்விட்டான். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆக, அந்த வீட்டில் நானும் அந்தக் கண்களும்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும். அவருடைய வலது கை இறுக மூடி, நகம் உள்ளங்கையைக் கிழிக்கும். கேசட்டைப் போட்டால் கால்மணி நேரத்தில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். கேட்கிறதோ? ஒரு சனிக்கிழமை கணவரிடம் காட்டினேன். "அது தானாத் தளர்றது. நீயா எதையாச்சும் நெனச்சுக்காத" என்றார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. கேட்காது என்று வைத்துக்கொண்டால் பேச வேண்டியதில்லை, வாய்க்குப் பூட்டும் போட வேண்டியதில்லை.

எனக்கு முன்கோபம் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் மூன்றாவது தடவையாக விரிப்பை மாற்றி நிமிர்வதற்குள் மறுபடியும் நனைத்துவிட்டார். "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கட்டையப் போட்டுப் பொரட்டுறது? போய்ச் சேந்தா ரெண்டு பேருக்கும் விடிவு" என்றேன். முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அந்தக் கண்களைப் பார்த்தே சொன்னேன். அவை அசையவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். பங்குனி வெயில். அந்த வாரம் மோட்டாருக்குப் பகலில் மும்முனைக் கரண்டு விட்டிருந்தார்கள். ஊரில் உள்ள அத்தனை கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும். வீடுகளில் வோல்டேஜ் படுத்துவிடும். மின்விசிறியின் இறக்கையை எண்ணலாம். நான் வழக்கம்போலக் கேசட்டைப் போட்டுவிட்டு, காற்றுக்காக வாசல் கதவைத் திறந்துவைத்து, கட்டில் சட்டத்தில் தலைசாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது.

கரண்டு குறையக் குறைய டேப் இழுத்திருக்கிறது. குழல் கனத்துக் கரகரத்துச் சங்காகிவிட்டது. சின்ன மணி சேகண்டியாகிவிட்டது. சங்கு நீளமாக ஒரு தடவை, பிறகு சேகண்டி ஒரே அடி, பிறகு மௌனம். எங்கள் பக்கம் யாராவது இறந்துவிட்டால் தெருவுக்குச் சேதி சொல்லும் முறை இதுதான். எங்கள் தெருவில் இழவு வீட்டைத் தவிர வேறெங்கும் அந்த இரண்டும் சேர்ந்து கேட்காது.

முதலில் வந்தவர் எதிர் வீட்டம்மா. மாமனாருக்குத் தங்கை முறை. வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். கட்டிலில் கண் திறந்தபடி அசையாமல் அண்ணன். கால்மாட்டில் தலை கவிழ்ந்து மருமகள். உள்ளே எங்கிருந்தோ சங்கு. அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்? அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே! ஒரு சாண் வரப்புக்காவ எட்டு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே! நீ வுழுந்தன்னைக்குக்கூட வந்து பாக்காத பாவியாயிட்டேனே!"

அந்தக் கதறலில்தான் விழித்தேன். சுற்றிலும் அவிழ்ந்த தலைகள், மாரில் அடிக்கும் கைகள். எங்கோ ஆழத்திலிருந்து சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் போட்ட கேசட் என்று எனக்கே உறைக்கவில்லை. மாமா போய்விட்டார் என்று நானும் நம்பினேன். அந்த நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்களின் ஓரத்திலிருந்தும் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

எதிர் வீட்டம்மாவும் பார்த்துவிட்டார். பாதி வார்த்தையில் குரல் நின்றது. "அழுவுதுடி... பொணம் அழுவுதுடி!" என்று ஒருத்தி வாசலுக்கு ஓடினாள். மற்றவர்கள் உறைந்து நின்றார்கள். அந்த அமைதியில் சேகண்டி இன்னொரு முறை அடித்தது. அப்போதுதான் அது என் கேசட் என்று உறைத்தது. தடுமாறிப் போய்ப் பொத்தானை அமுக்கினேன்.

எதிர் வீட்டம்மா மட்டும் பயப்படவில்லை. மாமனாரின் முகத்தின் மேல் குனிந்து, "அண்ணே, நாந்தான் வந்துருக்கேன். நான் பேசுறது கேக்குதா? கேட்டா கண்ண மூடு" என்றார்.

மூடினார். நிதானமாகத் திறந்தார். இன்னொரு தடவை கேட்டபோதும் மூடித் திறந்தார்.

அப்புறம் வீடு கல்யாண வீடாகிவிட்டது. எதிர் வீட்டம்மா கொண்டையை முடிந்துகொண்டு காப்பி போட ஓடினார். "சங்கு ஊதுறவன் நமக்கு முன்னாடி எப்புடி வந்தான்னு அப்பவே நெனச்சேன்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "எல்லாம் கேட்டுருக்கு பாரு! இத்தன நாளும் ஒன்னு வுடாமக் கேட்டுருக்கு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார் எதிர் வீட்டம்மா. நான் சுவரோடு சுவராக நின்றேன்.

அன்று முதல் ஆமாம் என்றால் கண்ணை மூடுவார். இல்லை என்றால் மூடாமல் ஒரு நொடி பார்ப்பார், அவ்வளவுதான். பசிக்கிறதா, திருப்பிப் போடவா, ஜன்னலைச் சாத்தவா என்று ஊரே வந்து கேட்டது. சனிக்கிழமை வந்த கணவர் குழந்தை மாதிரி அழுதார். நான் கஞ்சி ஊற்றும்போது குழாயை மட்டும் பார்த்தேன், விரிப்பை மாற்றும்போது விரிப்பை மட்டும் பார்த்தேன். என்னைத் தவிர எல்லாரும் அவரிடம் பேசினார்கள்.

திங்கட்கிழமை கணவர் அரியலூர் பஸ் ஏறிய பிறகு கதவைச் சாத்தினேன். அவர் கண் எட்டும் இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, முன்ன ஒரு நாளு விரிப்பு மாத்தறப்ப நான் ஒரு வார்த்த சொன்னேன். அது உங்க காதுல வுழுந்துச்சாங்க?"

அவர் கண்ணை மூடவில்லை.

இல்லை. எனக்கு மூச்சு திரும்பியது. எழுந்திருக்கப் போனேன். ஆனால் அவர் பார்வையை விடவில்லை. ஒரு நொடி போயிற்று, பத்து நொடி போயிற்று. இமை துடித்தது, அதை மேலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை விழி சிவந்தது. நீர் கோத்து வழிந்தது. அப்போதும் மூடவில்லை. தவறிப்போய் இமை விழுந்தால்கூட நான் ஆமாம் என்று எடுத்துக்கொள்வேனோ என்று பயந்துபோய் அந்த மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கேட்காதவருக்கு இந்தப் பாடு எதற்கு?

"போதும் மாமா" என்றேன். "கண்ண மூடிக்குங்க. நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் மூடினார்.