பஸ்ஸுக்கு முறை வைத்த ஊர்

எங்கள் ஊரில் குளத்துத் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று மடை திறக்கிற அண்ணாச்சி சொல்வார். யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். அதே மாதிரி பஸ்ஸுக்கும் முறை வைத்தோம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஊருக்கு அச்சன்புதூரிலிருந்து வயல் வழியாக உள்ளே தள்ளிப் போகவேண்டும். இளவட்டம் பூராவும் திருப்பூருக்கும், செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டது. பாதி வீடு பூட்டிக் கிடக்கும். தென்காசி பஸ் காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் வரும். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் அதையும் சீசனுக்கு இழுத்துக்கொள்வார்கள். நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், சாரல் முடிந்து பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் அண்ணாச்சி சொன்னார்: "ஏறுத ஆளே இல்ல. இதை நிறுத்தப்போறாவளாம்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பஸ் நின்றால் மெயின் ரோட்டுக்கு நடந்து, வேறு பஸ் பிடித்துத் தென்காசி போய்ச் சேர்வதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும். செங்கல்சூளையிலிருந்து ஆள் கேட்டு வந்தவரிடம் அப்பா "பாப்போம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா காதிலும் விழுந்தது.

மறுநாள் நடவு வயலில் அம்மா அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். வரப்பில் நின்ற மடை அண்ணாச்சி, "தண்ணிக்கு முறை வைக்கோம்லா, பஸ்ஸுக்கும் வைப்போம். முறைக்காரங்க காலையில ஏறணும், மத்தியானம் அதுலயே திரும்பணும்" என்றார்.

பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் பெரும்பாலும் அவர்களே போனார்கள். கையில் வேலை கிடக்கிற நாளிலும் போனார்கள். தென்காசியில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். கண்டக்டர் "என்ன சோலி?" என்று கேட்டால், "ஒரு சோலியும் இல்ல, முறை" என்பார்கள்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் பஸ்ஸிலேயே வந்து கூட்டத்தைப் பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. அன்றைக்குத்தான் முறை கெட்டது. அடுத்த வீட்டுக்காரி போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்ய என்று எல்லா வீட்டிலும் கிளம்பிவிட்டார்கள். நான் ஏறுவது ஊர்க் கடைசியில், குளத்தங்கரையில். பஸ் வந்தபோது படிவரைக்கும் ஆள். எனக்குக் கால் வைக்க இடமில்லை.

உள்ளே சண்டை.

"ஏட்டி, நீ இறங்கு. உன் முறை நாளைக்குல்லா."

"நான் ஏன் இறங்கணும்? நல்ல சேலை கட்டிட்டு வந்திருக்கேன்."

முன் சீட்டில் இருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் எங்கம்மா போறீங்க?"

இதற்கு ஊர் பதில் யோசித்து வைக்கவில்லை. "கல்யாணத்துக்கு" என்றார் ஒரு ஆச்சி. அதே நேரம் பின்னாலிருந்து ஒரு குரல், "துட்டி கேக்க, எழவு வீட்டுக்கு" என்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

படியில் நின்ற அம்மா என்னைக் காட்டினாள். "அந்தா நிக்கானே, அவன் பள்ளிக்கூடத்துக்குப் போணும் சார். பஸ் நின்னா அவன் படிப்பு நின்னுரும். அதுக்குத்தான் ஏறுதோம். எங்களுக்கு ஒரு சோலியும் இல்ல."

சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நல்ல சேலைக்காரியும் இறங்கினாள். நான் ஏறினேன். அதிகாரி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். "என்ன குரூப்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மேலிடத்தில் என்ன சொன்னாரோ தெரியாது. பஸ் நிற்கவில்லை.

இப்போது தென்காசியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதே பஸ்தான். ஊரில் ஆள் இன்னும் குறைந்திருக்கிறது, முறையும் இருக்கிறது. போன சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் ஏறினேன். ஸ்பெஷல் கிளாஸ் போகிற ஒரு பிள்ளையும் குளத்தங்கரையில் ஏறினாள்.

"இன்னைக்கு உனக்கு லீவுல்லா? என்ன சோலிலே?" என்றார் கண்டக்டர்.

"முறை அண்ணாச்சி."

தென்காசியில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பினேன்.