காரமடை பஸ்ஸில் என் ஜெபம் கேட்கப்பட்டது

மாலை ஏழேகால் மணிக்கு என் இரண்டரை வயது மகள் ஜெனி, குழந்தைகள் காப்பகத்தின் வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற குழந்தைகள் ஆறு மணிக்கே போயிருப்பார்கள். முதல் வாரம் என்னைக் கண்டதும் அழுதாள். இரண்டாம் மாதத்தில் அழுகை நின்றுவிட்டது. ஒருநாள் கையை நீட்டாமல் பையை மட்டும் என்னிடம் நீட்டினாள். 

இதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். இன்னொருவர் மேல் குறை சொல்வது சாட்சி ஆகுமா என்று என் கணவரே கேட்டார். ஆனால் ஆண்டவர் செய்ததை மறைத்தால் அதுவும் தப்புதானே. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் மனதில் இருந்ததையும் சேர்த்து.

எங்களுக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. போன ஏப்ரலில் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் எனக்கு ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. கணவர் மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர். பைக்கில் ஊர் ஊராகப் போய் இரவில் திரும்புகிறவர், எங்கே குடியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தினமும் பஸ் ஏறப்போவது நான். அதனால் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிங்காநல்லூர், காளப்பட்டி, துடியலூர் என்று ஒரு நோட்டில் எழுதி, பஸ் எப்படி, தண்ணீர் எப்படி, பக்கத்தில் காப்பகம் உண்டா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தார். காரமடைக்காரர். மாதம் ஒருமுறை எங்கள் ஊரில் பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்த வருவார். பெயரை எழுதவில்லை. படிக்கிறவர்களில் சிலருக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும்.

“நோட்டை மூடி வை கண்ணு. நான் ஜெபத்துல வெச்சுப்போட்டேன்” என்றார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “கர்த்தர் காட்டிப்போட்டாரு கண்ணு. எங்க மாடி ஊடு. கதவு தெறந்து கெடக்குது, நீ புள்ளையத் தூக்கிட்டு உள்ள வார. அப்பிடியே பாத்தேன்.”

“பீளமேடு அங்கிருந்து தூரமுங்களேக்கா?”

“நாப்பது நிமிசம். ஆண்டவரே காட்டுனதுக்கப்புறம் நீ கிலோமீட்டர் எண்ணுவியா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜெபித்தவர் சொன்ன பிறகு அளந்து பார்ப்பது அவிசுவாசம் என்று நினைத்தேன். இருந்தாலும் மனது கேட்காமல், ஒருதடவை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்காவின் வீட்டுக்காரர் காரமடையிலிருந்து பீளமேட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். சரியாக நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ரோட்டில் யார் இருப்பார்கள்? படித்தவள், இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம்.

ஜூன் முதல் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நின்றது. துடியலூரில் நின்றது. கவுண்டம்பாளையத்தில் நகரவே இல்லை. காந்திபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கல்லூரிக்குள் நுழையும்போது எட்டு ஐம்பது. மாலையிலும் அதே கதை. ரயில் உண்டு, ஆனால் அதன் நேரம் என் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

அக்காவிடம் சொன்னேன். “விசுவாசத்தைச் சோதிக்கறாரு கண்ணு, பொறுத்துக்கோ” என்றார். சபையில் சாட்சி நேரத்தில், தான் கண்ட காட்சிப்படியே ஒரு குடும்பம் வந்து சேர்ந்ததாக எழுந்து சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

செப்டம்பரில் காப்பகம் நடத்தும் சரோஜா டீச்சர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். “ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? அந்த மாடி அவங்க பையனுக்குக் கட்டுனதுங்க. அவனுக்கும் பீளமேட்டுலதான் வேலை. ரெண்டு மாசம் போய்ட்டு வந்தான், முடியலீன்னு பொண்டாட்டியக் கூட்டிட்டு அங்கயே போய்ட்டானுங்க.”

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் ஜெபித்த ஜெபத்தை உள்ளபடி எழுதுகிறேன். ‘ஆண்டவரே, அவர் இந்த பஸ்ஸில் வர வேண்டும். காரில் அல்ல. உட்காரக் கூடாது, நிற்க வேண்டும். காலையிலும் நிற்க வேண்டும், மாலையிலும் நிற்க வேண்டும்.’ துடியலூர் முதல் காந்திபுரம் வரை தினமும் இதே ஜெபம். மூன்று வெள்ளிக்கிழமை இதற்காக உபவாசம் இருந்தேன். பாவமோ என்று பயந்தேன். பயந்துகொண்டே கேட்டேன்.

அக்டோபரில் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “எனக்கும் ஊடு வாசல் இருக்குதுங்க. இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்குங்க.” அந்த ஊரில் ஏழேகால் வரை பிள்ளையை வைத்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. வேலையை விட்டுவிடுவது என்று கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசி வாரம், திங்கட்கிழமை. காரமடை நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தார்! மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்துவிட்டதால், பேரனைப் பகலில் பார்த்துக்கொள்ள அக்காதான் பீளமேட்டுக்குப் போக வேண்டும். அங்கேயே தங்க முடியாது, வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அதனால் காரும் ஓடாது.

எந்தப் பையன் எங்கே இறங்குவான் என்று எனக்கு அத்துப்படி. பெரியநாயக்கன்பாளையத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார்.

“அம்மணி, உள்ள போங்க, உள்ள போங்க!” என்று கண்டக்டர் அவரை நெருக்கினார்.

துடியலூர் தாண்டுவதற்குள் அக்காவின் முகம் வியர்த்துவிட்டது. “கண்ணு, இன்னும் எத்தன நேரமாகும்?”

“கர்த்தருக்குத்தான் தெரியுங்க்கா” என்றேன்.

அவருக்கு மூட்டுவலி உண்டு. எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. ஐந்து நாளும் எழுந்திருக்கவில்லை. என் ஜெபத்துக்கு ஆண்டவர் ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் பதில் தந்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்தோத்திரம் சொன்னேன்.

வெள்ளி மாலை இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஏழு பத்து. அக்காவுக்கு வீட்டு வழியும் காப்பகத்து வழியும் ஒன்றுதான். ஜெனி படியில் உட்கார்ந்திருந்தாள். பையை நீட்டினாள். “இன்னிக்குத்தான் கடைசிங்க” என்றார் டீச்சர்.

அக்கா குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எனக்குத் தெரியும் கண்ணு. எம்பையன் போறப்பவே தெரியும். மாடி பூட்டியே கெடக்குதேன்னு... கர்த்தர் பேரைச் சொல்லிப்போட்டேன்.”

டீச்சர் படியிறங்கி வந்தார். “ஏனுங்க, சாமி பேரச் சொல்லி ஊடு வாடகைக்கு உடுவீங்களா?”

அக்கா அழுதார். ஒப்பந்தம் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போ என்றார். மன்னிச்சிரு என்று கையைப் பிடித்தார். நான் அத்தோடு விடவில்லை.

“காட்சி பாத்தேன்னு சபையில சொன்னீங்கள்ல? இதையும் அங்கயே சொல்லுங்க்கா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று சொன்னார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் வீடு மாறும்வரை டீச்சரே ஜெனியை வைத்துக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்தேன். சிங்காநல்லூரில் வீடு பார்த்தோம். முடிவு செய்யும் முன் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு அங்கிருந்து பஸ் ஏறிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. இப்போது ஐந்தே முக்காலுக்கே ஜெனியைக் கூட்டிவரப் போய்விடுகிறேன். மற்ற குழந்தைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும் நேரம். “இப்பவே வந்துட்டியாம்மா?” என்று கோபித்துக்கொள்கிறாள். இந்தக் கோபத்துக்காக ஆண்டவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

அன்பான சகோதரிகளே, மனதில் எரிகிறதை மறைத்துவிட்டு அழகான வார்த்தைகளில் ஜெபிக்காதீர்கள். எரிகிறதையே அவர் முன்னால் வையுங்கள், அவர் பயப்படமாட்டார். உங்களுக்காக யாராவது காட்சி கண்டால் நன்றி சொல்லுங்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறிப் பாருங்கள். அதை அவிசுவாசம் என்று அவர் எண்ணமாட்டார்.

அக்கா இன்னும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறாராம். அவருக்கு உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்று நான் இதுவரை ஒருமுறைகூட ஜெபிக்கவில்லை. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.